பேய்த்தேரும் பாசஞ்சர் வண்டியும்

ராஜஸ்தானில் ஜெய்சல்மேர் போகும் ரயில் லைனில் முதல் நாள் எடுத்த 140 படங்களில் இப்போது என்னிடம் மிச்சம் இருப்பது இரண்டு. ஒன்றில் அப்பா மங்கி குல்லாவோடு டீ குடிக்கிறார். இன்னொன்றில் ஒட்டகம். ரயில் இருக்கிற படம் ஒன்றுகூடத் தேறவில்லை, அத்தனையையும் அன்று ராத்திரி லாட்ஜ் அறையில் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்தேன்.

கேமரா மேல் குற்றமில்லை, எல்லாம் கைப்பழக்கம். பேசின் பிரிட்ஜ், வில்லிவாக்கம், அம்பத்தூர் என்று பதினைந்து வருஷமாக ரயில் படம் எடுக்கிற ஆள் நான். சென்னையில் ரயில் படம் எடுப்பது என்பது பாதிக்கு மேல் எதையெதை மறைப்பது என்கிற வேலைதான். குப்பை மேடு, கட்சி விளம்பரம் எழுதிய சுவர், தொங்குகிற கேபிள், தண்டவாளத்தை ஒட்டிக் கொடி கட்டிக் காயப்போட்ட துணி, இத்தனையும் படத்தில் விழாமல் இருக்க வேண்டுமென்றால் லென்ஸை நீட்டி லோகோவின், அதாவது எஞ்சினின், முகத்தை முழுசாக அடைத்துவிட வேண்டும், பின்னால் பெட்டிகள் நசுங்கிக் குவிந்து வரும், பார்க்க கம்பீரமாக இருக்கும். அதே வித்தையை அங்கே போய்ச் செய்தேன். வந்தது என்ன? லோகோ முகம், பின்னால் வெறும் வெளுத்த வானம். அரக்கோணத்தில் எடுத்தேன் என்று சொன்னாலும் நம்புவார்கள். இரண்டு ராத்திரி ரயிலில் படுத்துப் போனதற்கு அரக்கோணமா?

அப்பா எப்படி இதில் வந்தார் என்று சொல்லிவிடுகிறேன். அவர் ஐ.சி.எஃப்.பில், அதாவது பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில், பெட்டியின் வெளிக்கூடு செய்கிற ஷெல் பிரிவில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மாதான், "அவரையும் இழுத்துக்கிட்டுப் போடா, வீட்ல உக்காந்து சீரியலுக்குக் கமெண்டரி சொல்லிக்கிட்டிருக்கார்" என்று தள்ளிவிட்டாள். அப்பாவுக்கு இஷ்டமே இல்லை. "நான் செஞ்ச பெட்டியைப் பாக்க நான் ராஜஸ்தான் போகணுமா? வாசல்ல நின்னா போகுது" என்றார். அதுவும் சரிதான், எங்கள் வீடு அயனாவரம். ஆனாலும் மன்னார்குடியிலிருந்து எழும்பூர் வழியாக பகத் கி கோத்தி போகும் வண்டியில் டிக்கெட் கிடைத்துவிட்டது, அம்மா புளிசாதம் கட்டிவிட்டாள், கிளம்பிவிட்டோம். மூன்று வருஷத்துக்கு முந்தைய ஜனவரி அது.

பகத் கி கோத்தி ஜோத்பூரை ஒட்டிய ஸ்டேஷன். பெரிய டீசல் ஷெட் அங்கேதான் இருக்கிறது. அங்கிருந்து ஓசியான், பலோடி, ராம்தேவ்ரா, பொக்ரான், ஜெய்சல்மேர் என்று சுமார் 300 கிலோமீட்டர். பழைய மீட்டர் கேஜ் லைன், பின்னால் அகலப்பாதை ஆக்கினார்கள். நாங்கள் பொக்ரானில் இறங்கி அங்கேயே அறை எடுத்துக்கொண்டு, ஒரு ஜீப்பை மூன்று நாளைக்குப் பேசிக்கொண்டோம். பொக்ரானில் லைன் முட்டுச்சந்து மாதிரி உள்ளே போய் நிற்கும், வண்டி வந்ததும் லோகோவைக் கழற்றி மறுபக்கம் மாட்டித் திரும்பி வெளியே எடுப்பார்கள். அப்பாவுக்கு அது பிடித்திருந்தது. ஸ்டேஷன் பெயர்ப்பலகையைப் பார்த்ததும் கலாமை நினைத்துக் கும்பிட்டும் வைத்தார். 1998 மே மாதம் அணுகுண்டு சோதனைச் செய்தி வந்த அன்று ஃபேக்டரியில் லட்டு கொடுத்தார்களாம்.

பாலைவனம் என்றதும் மனதில் வருகிற மணல் குன்று இந்த லைனோரம் அவ்வளவாகக் கிடையாது, இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஓசியான் பக்கம் கொஞ்சம் உண்டு. பொக்ரான் தாண்டினால் பெரும்பாலும் கல்லும் புதரும் கலந்த தட்டைப் பூமி, தூரத்தில் காற்றாலைகள். மரம் என்று பார்த்தால் அங்கங்கே ஒன்று. ஜீப்காரர் அதைக் கேஜ்ரி என்றார். இறங்கிப் போய் இலையைக் கிள்ளிப் பார்த்த அப்பா, "டேய், இது வன்னிடா!" என்று கத்தினார். வன்னியேதான். நம் சிவன் கோயில்களில் தலமரமாக நிற்குமே, அது. ஜோத்பூர் பக்கத்தில் கேஜர்லி என்ற கிராமத்தில் 1730-ல் இந்த மரத்தை வெட்டவிடாமல் கட்டிப்பிடித்து நின்று 363 பிஷ்னோய் மக்கள் உயிரை விட்டிருக்கிறார்கள். அன்று மத்தியானம் சாப்பாட்டுக்குக் காய்ந்த அவரைமாதிரி ஏதோ ஒன்றை எண்ணெயும் மிளகாயுமாக வதக்கி வைத்தார்கள், கேட்டால் அதே மரத்தின் காய். கோயில் மரத்தைப் பொரியல் பண்ணிச் சாப்பிட்டோம் என்று அப்பா இன்றைக்கும் சொந்தக்காரர்களிடம் சொல்கிறார். சீமைக்கருவேலும் இருக்கிறது, அது எங்கேதான் இல்லை.

சரி, முதல் நாள் சொதப்பலுக்கு வருகிறேன். காலை பதினொரு மணி. நேர்கோடாகப் போகிற லைன், லெவல் கிராசிங்குக்கு வெளியே ரோட்டோரம் நிற்கிறேன், 400 மில்லிமீட்டர் லென்ஸ். தலைவிளக்கு தெரிந்துவிட்டது. நம் ஊரில் விளக்கு தெரிந்தால் அரை நிமிஷத்தில் வண்டி தலைமேல் நிற்கும். அங்கே ஏழெட்டு நிமிஷம் ஆகியும் வரவில்லை. கண்ணுக்கு எட்டியவரை மறைக்க ஒன்றுமில்லாத பூமி, அதனால் விளக்கு அவ்வளவு தொலைவிலேயே தெரிகிறது. லென்ஸ் வழியாகப் பார்த்தால் விளக்குக்குக் கீழே லோகோ இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ நெளிகிறது, தண்ணீரில் நிற்கிற மாதிரி. மெல்ல மெல்ல ஒரு உருவம் வந்தது, ஆனால் சக்கரம் இல்லை, கீழ்ப்பாதியே இல்லை, மிதக்கிறது. கானல்நீருக்குப் பேய்த்தேர் என்று ஒரு பழைய பெயர் உண்டு, எட்டாம் வகுப்பில் தமிழ் ஐயா சொன்னபோது ஏன் தேர் என்று கேட்டு ஒரு குட்டு வாங்கியிருக்கிறேன். ஐயாவை அங்கே கூட்டிக்கொண்டு போயிருந்தால் 24 பெட்டி நீளத்துக்குத் தேர் காட்டியிருப்பேன்.

கண்ணுக்கு அழகு, படத்துக்குச் சனியன். வெயில் ஏற ஏறத் தரையை ஒட்டிய காற்று சூடாகி லேசாகும், மேலே இருப்பது குளிர்ச்சி, இந்த அடுக்குகள் வழியாக வரும் வெளிச்சம் வளைந்து வளைந்து வரும். நீண்ட லென்ஸ் போட்டால் தொலைவில் இருப்பதைத்தானே இழுக்கிறோம், அப்படியென்றால் நடுவில் கிடக்கிற அத்தனை காற்றையும் சேர்த்துத்தான் எடுக்கிறோம். ஃபோகஸ் சரியாக விழுந்திருக்கும், படம் மட்டும் எண்ணெய் தடவின மாதிரி இருக்கும். லட்ச ரூபாய் லென்ஸும் காற்றைத் திருத்தாது. ஜனவரியில் இப்படி என்றால் மே மாதத்தை யோசித்துப் பாருங்கள், 2016 மே 19-ம் தேதி பலோடியில் 51 டிகிரி பதிவாகியிருக்கிறது.

ஆக, ஒன்பதரைக்குள் நீண்ட லென்ஸைப் பையில் போட்டுவிட வேண்டும். கிட்டப் போய் எடுக்கலாமே என்றால் தண்டவாளத்தில் ஏறக்கூடாது. சும்மா உபதேசமாகச் சொல்லவில்லை, ரயில்வே சட்டம் 147-ஆம் பிரிவுப்படி அத்துமீறி நுழைந்தால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 1000 ரூபாய் வரை அபராதம், இரண்டும்கூடப் போடலாம். அதைவிட, அங்கே அதற்கு அவசியமே கிடையாது. ரோடு பல இடங்களில் லைனை ஒட்டியே போகிறது.

இரண்டாவது நாள் காலை நான் ஒரு படமும் எடுக்கவில்லை, உட்கார்ந்து சூரியனைத்தான் பார்த்தேன். ஜெய்சல்மேர் பக்கம் ஜனவரியில் விடியவே ஏழரை ஆகிறது, சென்னையைவிட ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாமதம். ஆனால் விஷயம் அதில் இல்லை. பொக்ரானிலிருந்து ஜெய்சல்மேர் ஏறக்குறைய நேர் மேற்கு. குளிர்காலத்துச் சூரியன் அங்கே நடுப்பகலில்கூட 40 டிகிரிக்குச் சற்று மேல்தான் ஏறும், நாள் முழுக்கத் தெற்குப் பக்கமே சரிந்து போகும். கிழக்கு மேற்காக ஓடுகிற லைனுக்குத் தெற்கே நின்றுவிட்டால் காலையிலிருந்து சாயங்காலம் வரை வண்டியின் பக்கவாட்டில் வெயில் விழுந்துகொண்டே இருக்கும். காலையில் ஜோத்பூர் பக்கம் வருகிற வண்டிக்கு முகத்திலும் வெயில், மாலையில் ஜெய்சல்மேர் பக்கம் போகிற வண்டிக்கு முகத்தில் வெயில். சென்னையிலிருந்து கூடூர் போனாலும் சரி விழுப்புரம் போனாலும் சரி, வடக்கு தெற்கு லைன், பத்து மணிக்கு மேல் வெயில் உச்சந்தலையில் இறங்கி லோகோவின் மூக்குக்குக் கீழே கறுப்படித்துவிடும். இப்படி ஒரு வெளிச்சம் நாள் முழுக்கக் கிடைக்கிறது என்று தெரிந்ததும், அட முட்டாளே, ஒரு நாளை வீணாக்கினாயே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அங்கேதான் ஒரு கீமேன், தண்டவாளத்தை நடந்தே சோதிக்கிற ஆள், வந்தார். தோளில் ஸ்பேனர், கையில் சுத்தியல், இடுப்பில் சிவப்பும் பச்சையுமாகச் சுருட்டிய கொடி, ஒவ்வொரு கிளிப்பாகப் பார்த்துக்கொண்டே நடந்து வந்தவர் எங்களைப் பார்த்து நின்றார். என் இந்தி ரயில்வே பிளாட்பார இந்தி, அப்பாவுடையது அதைவிட மோசம். இருந்தாலும் இரண்டு ரயில்வேக்காரர்கள் பேச மொழி எதற்கு, வெல்டு வைக்கிற மாதிரி கையை ஆட்டி அப்பா தான் யார் என்று சொல்லிவிட்டார். கீமேன் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். கோடையில் மணற்புயல் அடித்தால் சில இடங்களில் தண்டவாளமே தெரியாதாம், மண்வெட்டியோடு ஆட்கள் போய் அள்ளிப்போட்ட பிறகுதான் வண்டி நகருமாம். வெயிலில் தண்டவாளம் நீண்டு வளைந்துவிடக்கூடாது என்பதற்காக மத்தியான வேளையில்தான் நடந்து பார்க்க வேண்டுமாம். ஊரே நிழலில் ஒதுங்குகிற நேரத்தில் இவருக்கு வேலை. கிளம்பும்போது, மதராஸில் மணலுக்குப் பக்கத்திலேயே தண்ணீர் இருக்குமாமே, நிஜமா என்று கேட்டார். அப்பா, "இருக்கும், ஆனா குடிக்க முடியாது" என்று தமிழிலேயே சொன்னார். அதை இந்தியில் சொல்வதற்குள் எனக்கு நாக்கு தள்ளிவிட்டது.

எந்த வண்டியை எடுப்பது என்பதும் எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. எக்ஸ்பிரஸ் மேல் எல்லோருக்கும் மோகம், எனக்கும் இருந்தது. ஆனால் ஏசி பெட்டிகள் வரிசையாகப் போனால் கறுப்புக் கண்ணாடி, உள்ளே ஆள் இருக்கிறதா இல்லையா தெரியாது. பாசஞ்சர் வண்டியில் ஜன்னல் எல்லாம் திறந்திருக்கும். ஆரஞ்சுத் தலைப்பாகை ஒன்று, ஜன்னல் கம்பியைப் பிடித்த வளையல் கை ஒன்று, கதவடியில் கால் தொங்கப்போட்ட பையன், பால் கேன். சாம்பல் பூத்த அந்தப் பூமியில் நிறம் என்று இருப்பது மனிதர்கள் கட்டியிருக்கும் துணியில்தான், அதைச் சுமந்துகொண்டு போவது இந்த வண்டிதான். வேகமும் குறைவு, ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நிற்கும், ஒற்றை லைன் என்பதால் எதிர்வண்டிக்குக் காத்துக்கிடக்கும், விட்டால்கூட ஜீப்பில் போய்ப் பிடித்துவிடலாம்.

நிறம் என்றதும் ஒரு புலம்பல். பழைய பெட்டிகளுக்குச் சில வருஷங்களாக வெளிர் சந்தனமும் பழுப்புமாக ஒரு பெயின்ட் அடிக்கிறார்கள். சென்னையில் பரவாயில்லை. பாலைவனத்தில் அந்த வண்டி வந்தால் லோகோ மட்டும் தனியாகப் போகிற மாதிரி இருக்கிறது, பெட்டிகளை மண் தின்றுவிடும். ராணுவத்துக்கு வேண்டுமானால் உதவும். பழைய நீலப் பெட்டி என்றால் அரை மைலில் இருந்தும் பளிச்சென்று தெரியும், எல்எச்பி என்கிற புது ரகப் பெட்டியின் சிவப்பும் தெரியும். இன்னொன்று, வெளுத்த தரையைப் பார்த்துக் கேமரா பயந்து படத்தை இருட்டாக்கும், அதை நம்பாமல் வெளிச்ச அளவை முக்கால் ஸ்டாப்பாவது ஏற்றி வைக்க வேண்டும். வெளியில் நின்று லென்ஸைக் கழற்றவே கழற்றாதீர்கள். நான் கழற்றினேன், ஊருக்கு வந்து சென்சாரைச் சுத்தம் பண்ணும்வரை எல்லா வானத்திலும் ஒரே இடத்தில் மூன்று காக்காய், எல்லாம் தூசி.

மூன்றாம் நாள் மாலை. பொக்ரானுக்கும் ஜெய்சல்மேருக்கும் நடுவில் ஸ்ரீ பாதரியா லாட்டி என்று ஒரு ஸ்டேஷன். ஜெய்சல்மேர் போகும் பாசஞ்சர் அங்கே கிராசிங்குக்காக நின்றிருந்தது. பதினொரு பெட்டி, அத்தனையும் நீலம், வெளுத்துப்போன பழைய நீலம். எனக்குக் கை பரபரத்தது, சீக்கிரம் முன்னால் போய் இடம் பிடிக்க வேண்டும். அப்பாவைக் காணோம். பார்த்தால் பிளாட்பாரத்தில் மூன்றாவது பெட்டி பக்கத்தில் நிற்கிறார்.

பெட்டி எண் 01437. தெரியாதவர்களுக்காக: முதல் இரண்டு இலக்கம் பெட்டி செய்த வருஷம், அதாவது 2001. அடுத்த மூன்று இலக்கத்தில் 401-லிருந்து 600 வரை இருந்தால் பொதுப்பெட்டி. கோடியில் பெரம்பூர் என்று போட்ட தகடு, அதன் மேல் நாலு கோட் பெயின்ட். அப்பா ஜன்னலுக்குக் கீழே தகட்டைப் பெருவிரலால் நெருடிக்கொண்டே போனார், கண் பார்க்கவில்லை, விரல்தான் பார்த்தது, நம் வீட்டில் புடவை எடுக்கும்போது அம்மா முந்தானையை நெருடுவாளே, அந்த மாதிரி. ஓர் இடத்தில் நின்று இரண்டு தட்டு தட்டினார்.

"என்னப்பா?"

"இந்தப் பக்கம் நம்ம ஷிஃப்ட்டுடா."

"எப்படித் தெரியும்? வருஷத்துக்கு எத்தனை பெட்டி போட்டிருப்பீங்க."

"தெரியும்" என்றார். அவ்வளவுதான், மேலே விளக்கம் இல்லை. நான் நம்பவில்லை. உள்ளே ஜன்னலோரம் இருந்த ஒரு பாட்டி, இந்த ஆள் ஏன் வண்டியைத் தடவுகிறார் என்று முக்காட்டை விலக்கி எட்டிப் பார்த்தாள். அப்பா அவளுக்கு ஒரு கும்பிடு போட்டார். 2018-ல் இந்த ரகப் பெட்டி செய்வதையே பெரம்பூரில் நிறுத்திவிட்டார்கள், அதற்கு முன்னாலேயே அப்பா ஓய்வு பெற்றுவிட்டார்.

எதிர்வண்டி வந்து போனது. நாங்கள் ஜீப்பில் ஏறி விரட்டிக்கொண்டு போய், ரோடு லைனை விட்டுத் தெற்கே விலகுகிற ஓர் இடத்தில் இறங்கினோம். மணி ஐந்தே கால். லைன் எங்கேயோ ஒரு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. நடுவில் எருக்கம்புதர், நாலு ஆடு, ஒரே ஒரு வன்னி. முதல் நாளாக இருந்தால் கிட்டப் போகப் பதறியிருப்பேன். அன்று பையிலிருந்து அகலமாகக் காட்டுகிற 35 மில்லிமீட்டர் லென்ஸை எடுத்து, அதுவும் ஜீப்புக்குள் கதவைச் சாத்திக்கொண்டு மாட்டி, மரத்தை இடது ஓரத்தில் வைத்து, முக்கால்வாசி வானமும் மண்ணுமாகச் சட்டத்தை விட்டுவிட்டுச் சும்மா நின்றேன். வண்டிச் சத்தம் முதலில் வந்தது, அப்புறம் புகை, அப்புறம் வண்டி. மேற்கு வெயில் லோகோ முகத்தில் அடித்தது. அவ்வளவு பெரிய வண்டி, ஓரத்தில் தைத்த நீல நூல் மாதிரி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போயிற்று. 1/500-ல் ஏழு படம் எடுத்தேன். அவசரமே இல்லை.

திரையில் காட்டினேன். அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு உற்றுப் பார்த்தார்.

"வண்டி எங்கடா?"

தொட்டுக் காட்டினேன். "இதுக்கா இவ்ளோ தூரம் வந்தோம்?" என்றார். ஜீப்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு பாபுஜி, எங்க ஊர் இப்படித்தான் இருக்கும்" என்று இந்தியில் சொன்னார். அதை நான் அப்பாவுக்கு மொழிபெயர்க்கவில்லை.

அந்தப் படத்தைத்தான் பெரிதாகப் பிரின்ட் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறேன், டிவிக்கு மேலே. வருகிறவர்கள் எல்லோரும் ஆடு அழகா இருக்கே என்கிறார்கள். அப்பா நாற்காலியை விட்டு எழுந்து போய், சுவரில் விரலை வைத்து லோகோவிலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி நிறுத்தி, "இது நம்ம பெட்டி, 01437, 2001-ல போட்டது" என்கிறார். அந்தப் படத்தில் ஒரு பெட்டி அரிசி அளவுகூட இல்லை.